ஒண்ணா ஆடலாம், ஒண்ணா சாப்பிடக்கூடாது: 1960-கள் அமெரிக்க விளையாட்டு வீரர்கள் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் டீம் 1962-ல ஃப்ளோரிடால கறுப்பர், வெள்ளைக்காரர் எல்லாரும் குடும்பத்தோட ஒரே மோட்டல்ல தங்குன கதைய எங்க ஆரம்பிச்சாலும் என்கிட்ட வர்ற கேள்வியெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து சொல்லி முடியல, அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியப் போட்டு ஒரே இடத்துல பதில் எழுதி வெச்சிருக்கேன். பேஸ்பால் தெரியலன்னாலும் பரவாயில்ல, ஆட்டத்தப் பத்தி இதுல ரொம்ப கொஞ்சம்தான், சாப்பாடும் தங்குற இடமும்தான் ஜாஸ்தி.

ஜாக்கி ராபின்சன் 1947-லயே உள்ள வந்துட்டாரே, அப்புறம் என்ன பிரச்சனை?

மைதானத்துக்குள்ள வந்துட்டாரு, அவ்வளவுதான். 1947 ஏப்ரல் 15 அன்னிக்கு ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ்க்காக அவர் இறங்குனது பெரிய விஷயம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா மேட்ச் முடிஞ்சு ட்ரெஸ் மாத்திட்டு வெளிய வந்தா தென் மாநிலங்கள்ல அவர் ஒரு பக்கம், கூட ஆடுன வெள்ளைக்காரங்க ஒரு பக்கம். ஹோட்டல் வேற, சாப்பாட்டுக்கடை வேற, டாக்ஸி கூட வேற. இது 1947-ல மட்டும் இல்ல, அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம் கிட்டத்தட்ட இப்படியேதான் ஓடுச்சு. ஒண்ணா ஆட வைக்கிறது டீம் ஓனர் ஒருத்தர் மனசு வெச்சா நடக்கும், ஒண்ணா சாப்பிட வைக்கணும்னா ஊரே எதிர்ல நிக்கும். இந்தக் கதை பூரா அந்த வித்தியாசத்துலதான் இருக்கு.

ஸ்ப்ரிங் ட்ரெயினிங், ஸ்ப்ரிங் ட்ரெயினிங்ன்றீங்களே, அது என்ன?

சீசன் ஏப்ரல்ல ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி பிப்ரவரி மார்ச்ல வடக்க குளிரும் பனியும், அதனால டீமெல்லாம் தெற்க போய் ஆறேழு வாரம் பயிற்சி எடுப்பாங்க, அதுல பாதிக்கு மேல ஃப்ளோரிடா. நிறைய பேர் பொண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போவாங்க, அதனாலதான் தங்குற இடம் இவ்வளவு பெரிய விஷயமாச்சு. சீசன் நடுவுல ரெண்டு நாள் தங்கிட்டுப் போற ஊர்ல பல்லைக் கடிச்சிட்டு இருந்துடலாம், ஆறு வாரம் முடியுமா?

ஒண்ணா சாப்பிடக்கூடாதுங்கிறது நெஜமாவே சட்டமா, இல்ல சும்மா ஊர் வழக்கமா?

ரெண்டும். ஊருக்கு ஊர் மாறும். அலபாமால பர்மிங்ஹாம் நகரத்தோட விதிய பாத்தீங்கன்னா நம்பவே மாட்டீங்க. ஒரே சாப்பாட்டுக்கடைல ரெண்டு பேருக்கும் பரிமாறணும்னா நடுவுல தரைலேருந்து ஏழு அடி உயரத்துக்கு கெட்டியான தடுப்பு இருக்கணும், தெருவுலேருந்து உள்ள வர ரெண்டு தனித்தனி வாசல் இருக்கணும். அதே ஊர்ல 1950-ல போட்ட இன்னொரு விதிப்படி கறுப்பரும் வெள்ளைக்காரரும் சேர்ந்து சீட்டு, தாயக்கட்டை, பேஸ்பால், ஃபுட்பால் எதுவும் ஆடக்கூடாது. லூசியானா இன்னும் ஒரு படி மேல போய் 1956-ல மாநிலம் முழுக்க கலந்து விளையாடுறதையே தடை பண்ணுச்சு. ஜோ டோர்ஸின்னு ஒரு கறுப்பு பாக்ஸர் கேஸ் போட்டாரு, 1959-ல அந்தச் சட்டம் செல்லாதுன்னு ஆச்சு.

சட்டம் இல்லாத இடத்துலயும் வழக்கம் இருந்துச்சு, அதுதான் இன்னும் மோசம்னு எனக்குப் படுது. சட்டம்னா கோர்ட்டுக்குப் போகலாம், ஹோட்டல்காரர் "எங்க கஸ்டமர்ஸ் ஒத்துக்க மாட்டாங்க"ன்னு சிரிச்சிட்டே சொன்னா எங்க போவீங்க?

அப்ப கறுப்பு பிளேயர்ஸ் எங்கதான் தங்குனாங்க, எங்க சாப்பிட்டாங்க?

பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்க வீட்ல. 1946-ல ஜாக்கி ராபின்சனும் அவர் மனைவி ரேச்சலும் டேடோனா பீச்ல ஹாரிஸ்னு ஒரு தம்பதி வீட்லதான் தங்குனாங்க. பத்து வருஷம் கழிச்சும் அதே கதைதான். 1956-ல கர்ட் ஃப்ளட்னு ஒரு சின்னப் பையன், பதினெட்டு வயசு, கலிஃபோர்னியாலேருந்து சின்சினாட்டி டீமுக்காக டாம்பா வந்து இறங்குறான். ஃப்ளோரிடன்னு பெரிய ஹோட்டல், டீம் அங்கதான் தங்குதுன்னு சொல்லிருக்காங்க, நேரா உள்ள போய் நிக்குறான், அவன அப்படியே பக்கவாட்டுல வெளிய கூட்டிட்டுப் போய் கறுப்பர் டாக்ஸில ஏத்தி ஊருக்கு அந்தப் பக்கம் மா ஃபெல்டர்னு ஒரு அம்மா நடத்துன விடுதிக்கு அனுப்பிட்டாங்க. பின்னாடி பெரிய ஸ்டார் ஆன ஃப்ராங்க் ராபின்சன் மாதிரி கறுப்பு பிளேயரெல்லாம் ஏற்கனவே அங்கதான் இருக்காங்க. அவனுக்கு முன்கூட்டியே சொல்லணும்னு டீம்ல ஒருத்தருக்கும் தோணலங்கிறதுதான் என்னால ஜீரணிக்க முடியாத விஷயம்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல 22-வது தெரு தெற்குன்னு ஒரு தெரு, கறுப்பின மக்களோட கடைத்தெரு, அங்க ராபர்ட் ஸ்வெய்ன்னு ஒரு பல் டாக்டர் தன் க்ளினிக் பக்கத்துலயே பிளேயர்ஸ்க்கு அபார்ட்மென்ட் கட்டிக் குடுத்தாரு. பயணத்துல எங்க நிறுத்தலாம் எங்க சாப்பிடலாம்னு தெரிஞ்சுக்க, 1936-லேருந்து ஹார்லெம் தபால்காரர் விக்டர் க்ரீன் போட்ட கையேடு கறுப்பினக் குடும்பங்க கார்ல எப்பவும் இருக்கும். வழி தப்பி வேற கடைக்குள்ள போயிட்டா? ஹாங்க் ஆரன் தன் டீமோட 1952-ல வாஷிங்டன்ல ஒரு கடைல சாப்பிட்டாரு, பரிமாறவும் செஞ்சாங்க, சாப்பிட்டு முடிச்சதும் கிச்சன்ல இவங்க சாப்பிட்ட தட்டையெல்லாம் போட்டு உடைக்குற சத்தம் கேட்டுச்சு. தலைநகரத்துல நடந்தது இது.

டாக்டர் விம்பிஷ் இனிமே வீடு பாத்துத் தர மாட்டேன்னு சொன்னாராமே, அது பாவம் பிளேயர்ஸ் தலைலதான விடியும்?

நிறைய பேர் கேக்குறது இதுதான். ரால்ஃப் விம்பிஷ் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ஒரு டாக்டர், கறுப்பர் உரிமைக்காகப் போராடுற என்.ஏ.ஏ.சி.பி அமைப்போட உள்ளூர் தலைவர். அந்த ஊர்ல ரெண்டு டீம் பயிற்சிக்கு வரும், நியூயார்க் யாங்கீஸும் கார்டினல்ஸும். யாங்கீஸோட வெள்ளை பிளேயர்ஸ் சொரெனோ ஹோட்டல், கார்டினல்ஸோட வெள்ளை பிளேயர்ஸ் வினாய் பார்க் ஹோட்டல், ரெண்டுமே கடல் ஓரத்துல ராஜபோக இடம். கறுப்பு பிளேயர்ஸ்க்கு வீடு தேடித் தர்ற வேலைய விம்பிஷ் மாதிரி ஆளுங்க வருஷா வருஷம் செஞ்சிட்டு இருந்தாங்க.

இப்ப யோசிச்சுப் பாருங்க, அந்த உதவியினால நிஜமா லாபம் யாருக்கு? டீமுக்கும் ஹோட்டலுக்கும்தான். டீம் மேனேஜ்மென்ட் எதையும் கண்டுக்க வேண்டியதில்ல, "எங்க பசங்க எங்கயோ வசதியா இருக்காங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். விம்பிஷ் 1961 ஜனவரி கடைசில பத்திரிகைக்காரங்களக் கூப்பிட்டு, இனிமே நாங்க வீடு பாத்துத் தர மாட்டோம், உங்க பிளேயர்ஸ உங்க ஹோட்டல்லயே தங்க வைங்கன்னு சொன்னதும் பிரச்சனை அது இருக்க வேண்டிய இடத்துக்கு, அதாவது ஓனர் மேஜைக்குப் போயிடுச்சு. அதே மாசம் சிகாகோல வெண்டெல் ஸ்மித், ஜாக்கி ராபின்சன் கூடவே ஊர் ஊரா சுத்துன நிருபர், கறுப்பு பிளேயர்ஸ் இந்த ஏற்பாட்டால வெறுத்துப் போயிருக்காங்கன்னு எழுத ஆரம்பிச்சிருந்தாரு. ரெண்டும் ஒரே நேரத்துல வந்ததால தப்பிக்க வழியில்லாம போச்சு.

பில் வைட் ஒரு டிஃபன் விருந்துக்காக சண்டை போட்டாருன்னு சொல்றாங்களே, இது கொஞ்சம் ஓவரா இல்ல?

பில் வைட் கார்டினல்ஸோட ஃபர்ஸ்ட் பேஸ்மேன். 1961 மார்ச்ல அந்த ஊர் வணிகர் சங்கம் யாட் கிளப்ல பிளேயர்ஸ கௌரவிக்க ஒரு காலை விருந்து வெச்சாங்க, க்ளப்ஹவுஸ்ல கூப்பிட்டவங்க பேரை ஒட்டிருந்தாங்க. அதுல கறுப்பர் ஒருத்தர் பேரு கூட இல்ல. ஆனா பெரிய லீக்ல ஒரு தடவ கூட பேட் பிடிக்காத வெள்ளைப் பையன் பேரு இருக்கு. வைட் அத ஏ.பி செய்தி நிறுவன நிருபர்கிட்ட நேரா சொல்லிட்டாரு, அது நாடு பூரா பேப்பர்ல வந்துச்சு. அதுக்கப்புறம் பதறிப் போய் இவங்களையும் கூப்பிட்டாங்க, வைட் போகல.

ஓவர்னு சொல்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அந்தக் காலத்துல பிளேயர்ஸ்க்கு ஒரு வருஷக் கான்ட்ராக்ட்தான், யூனியனுக்கு பலம் இல்ல, டீம் நினைச்சா மறுநாளே வேற டீமுக்கு ட்ரேட் பண்ணி அனுப்பிடும். வாயத் திறக்குறதுக்கே தைரியம் வேணும். இட்லிக்கோ முட்டைக்கோ அவர் சண்டை போடல, லிஸ்ட்ல பேரு ஏன் இல்லன்னு கேட்டாரு.

இதுல பீர் கம்பெனி எங்கேருந்து வந்துச்சு?

கார்டினல்ஸோட ஓனரே ஆன்ஹைசர்-புஷ் கம்பெனிதான், பட்வைசர் விக்கிறவங்க, 1953-ல டீம வாங்குனாங்க. பீர் யாரு குடிக்குறா? எல்லாரும்தான். செயின்ட் லூயிஸ்ல ஒரு கறுப்பினப் பத்திரிகை அந்தக் கம்பெனி பீர புறக்கணிக்கணும்னு எழுதுனதும் விஷயம் ஆஃபீஸ் வரைக்கும் எட்டிடுச்சு. கம்பெனி தலைவர் புஷ் நல்ல மனுஷரா கெட்ட மனுஷரான்னு சிலர் சண்டை போடுவாங்க, எனக்கு அதுல ஆர்வமே இல்ல. விம்பிஷ் ஒரு பக்கம் நெருக்குனாரு, வைட் பேப்பர்ல பேசினாரு, மூணாவதா பீர் விக்கிற கணக்கு, மூணும் சேர்ந்து அடுத்த வருஷமே காரியம் நடந்துடுச்சு.

அந்த மோட்டல்ல நெஜமாவே எல்லாரும் ஒண்ணா இருந்தாங்களா, இல்ல ஃபோட்டோக்கு போஸா?

நெஜமாவே இருந்தாங்க. வினாய் பார்க் ஹோட்டல் இறங்கி வரல, அதனால டீமே ஹோட்டல விட்டுட்டு 1962-ல ஸ்கைவே, அவுட்ரிகர்னு பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு மோட்டலுக்கு மொத்தமா வந்துடுச்சு. சாதாரண ரோட்டோர மோட்டல், ராஜபோகமெல்லாம் கிடையாது. எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா ஸ்டான் மியூசியல், அந்த டீமோட சூப்பர்ஸ்டார், எப்பவும் கடற்கரைல தனி வீடு வாடகைக்கு எடுத்து குடும்பத்தோட தங்குறவரு, கென் பாயரும் அப்படித்தான், ரெண்டு பேரும் அத விட்டுட்டு இங்க வந்துட்டாங்க. பெரிய தலைங்க வந்ததும் மத்தவங்க முனகுறதுக்கு வழி இல்லாம போச்சு.

சாயந்தரம் ஆனா வெளியவே பார்பிக்யூ போட்டு பிளேயர்ஸே கறி சுடுவாங்க, மனைவிங்க உக்காந்து பேசுவாங்க, புள்ளைங்க எல்லாம் ஒரே ஸ்விம்மிங் பூல்ல. பக்கத்துல ஹைவே போகுது, ஊர்க்காரங்க கார ஸ்லோ பண்ணி கறுப்புப் புள்ளைங்களும் வெள்ளைப் புள்ளைங்களும் ஒரே தண்ணில குதிக்குறத வேடிக்கை பாத்துட்டுப் போனாங்களாம். தென் ஊர்கள்ல நீச்சல்குளம்தான் கடைசி வரைக்கும் இறுகப் பிடிச்சிட்டு இருந்த இடம், அதனால அவங்களுக்கு அது அதிசயமாத்தான் இருந்திருக்கும்.

யாங்கீஸ் என்ன பண்ணாங்க?

சொரெனோ ஹோட்டல்கிட்ட கேட்டுப் பாத்தாங்க, முடியாதுன்னுட்டாங்க. 1962-லேருந்து ஃபோர்ட் லாடர்டேல் போயிட்டாங்க, அங்க மொத்த டீமும் ஒரே ஹோட்டல்.

இதெல்லாம் டாட்ஜர்ஸ் முன்னாடியே செஞ்சிட்டாங்கன்னு படிச்சேனே?

ஆமா, ஆனா அது வேற வழி. 1948-ல வீரோ பீச்ல பழைய கடற்படை விமானதளத்த எடுத்து டாட்ஜர்டவுன்னு சொந்தமா ஒரு முகாமே போட்டுட்டாங்க, அதுக்குள்ள எல்லாரும் ஒரே கட்டடத்துல தூங்கலாம், ஒரே டைனிங் ஹால்ல சாப்பிடலாம். வேலிய தாண்டி ஊருக்குள்ள முடிவெட்டப் போனா பழைய கதைதான். முகாம் மைதானத்துலயே கறுப்பு ரசிகர்களுக்கு தனி இடம்னு இருந்தத 1962-லதான் எடுத்தாங்க. கார்டினல்ஸ் மோட்டல் வேலி இல்லாம, ரோட்டு மேல, எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி நடந்துச்சு, அதான் நான் அதப் பிடிச்சிட்டு நிக்குறேன்.

குடும்பமா நடத்துன பார்ல, சாப்பாட்டுக்கடைல ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சவங்க யாருமே இல்லையா?

இருந்தாங்க. அட்லான்டால பாஸ்கல்ஸ். ஜேம்ஸ், ராபர்ட்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு 1947-ல சின்ன சாண்ட்விச் கடையா ஆரம்பிச்சாங்க. கடைல அடுப்பு வசதியே இல்ல, ராபர்ட் வீட்ல சிக்கன் பொரிச்சு டாக்ஸில கடைக்கு அனுப்புவாங்க. 1959-ல பெரிய ரெஸ்டாரன்ட், அடுத்த வருஷம் லா கரூசெல்னு ஒரு ஜாஸ் லவுஞ்ச். அங்க கறுப்பர் வெள்ளைக்காரர் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து பாட்டு கேட்டாங்க, ஜார்ஜியா சட்டப்படி லைசென்ஸ் போயிடும்னு தெரிஞ்சே உக்கார வெச்சாங்க. மார்ட்டின் லூதர் கிங் கூட்டம் போடுறதும் அங்கதான், போராட்டத்துல அரெஸ்ட் ஆகி வெளிய வர்ற பசங்களுக்கு ராத்திரி எத்தனை மணி ஆனாலும் இலவசச் சாப்பாடும் அங்கதான்.

நியூ ஆர்லியன்ஸ்ல டூக்கி சேஸ். எமிலி, டூக்கி தம்பதி 1941-ல ட்ரெமே பகுதில ஆரம்பிச்ச பாரும் சாண்ட்விச் கடையும். மகன் ஜாஸ் ட்ரம்பெட் வாசிக்கிறவரு, அவருக்கு 1946-ல வாழ்க்கைப்பட்டு வந்த லியா சேஸ்தான் வெள்ளைக்காரங்க போற கடை மாதிரி மேஜை விரிப்பு, நல்ல சமையல்னு அத முழு ரெஸ்டாரன்ட்டா மாத்துனாங்க. மாடி ரூம்ல கறுப்பு வெள்ளை ரெண்டு தரப்பு ஆளுங்களும் உக்காந்து கம்போன்னு அந்த ஊர்க் குழம்பு சாப்பிட்டுட்டே போராட்டத்துக்குத் திட்டம் போட்டாங்க, அதுவும் சட்டவிரோதம்தான். ஒரு தடவ குண்டு கூட வீசுனாங்க. ஆனா போலீஸ் உள்ள வந்து கைது பண்ணல, ஊர்ல அந்தக் கடைக்கு இருந்த செல்வாக்கு அப்படி.

ரெண்டும் கறுப்பினக் குடும்பங்க கடை. வெள்ளைக்காரக் குடும்பம் நடத்துன கடைங்க?

தெற்க பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான். பர்மிங்ஹாம்ல ஆலீஸ் பார்பிக்யூன்னு 220 பேர் உக்காரக்கூடிய குடும்பக் கடை, கறுப்பர் வந்தா பார்சல் மட்டும்தான். பொது இடங்கள்ல நிறம் பாத்து ஆள ஒதுக்கக்கூடாதுன்னு 1964 சிவில் ரைட்ஸ் சட்டம் வந்ததும், நாங்க உள்ளூர்க் கடை, மத்திய அரசு எங்கள ஒண்ணும் பண்ண முடியாதுன்னு கேஸ் போட்டாங்க. சுப்ரீம் கோர்ட் அதே வருஷம் டிசம்பர் 14-ல என்ன சொல்லுச்சுன்னா, நீங்க வாங்குற சாப்பாட்டுப் பொருள்ல 46 சதவீதம் வெளி மாநிலத்துலேருந்து வந்த கறி, அதனால மாநிலங்களுக்கு நடுவுல நடக்குற வியாபாரத்துக்குள்ள வர்றீங்க, சட்டம் உங்களுக்கும் பொருந்தும். மனுஷ மரியாதைய கறி பில்ல வெச்சு நிரூபிக்க வேண்டியிருந்துச்சு, என்னத்த சொல்ல. "குடும்பமா நடத்துன கடை"ன்னு சொன்னவுடனே மனசு இளகுறவங்க இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

1964 சட்டம் வந்தவுடனே பாரும் எல்லாருக்கும் திறந்துடுச்சா?

இதுதான் இருக்குறதுலயே சிக்கலான கேள்வி. 1964 ஜூலை 2 அன்னிக்கு கையெழுத்தான சட்டத்துல ஹோட்டல், மோட்டல், சாப்பாட்டுக்கடை, தியேட்டர், ஸ்டேடியம் எல்லாம் பேர் சொல்லியே வருது. குடிக்க மட்டும் போற பார், டாவர்ன் அந்த லிஸ்ட்ல இல்ல. சாப்பாடு முக்கியமா விக்கிற இடம்னா வரும், பாட்டு கூத்துன்னு பொழுதுபோக்கு இருந்தா அந்த வழியா இழுத்துட்டு வரலாம், வெறும் சாராயம் மட்டும்னா வக்கீலுங்க வாதாட வேண்டியதுதான். தனியார் க்ளப்புக்கும் விலக்கு, அதனால ராத்திரியோட ராத்திரியா "மெம்பர்ஸ் ஒன்லி" போர்டு மாட்டுன கடைங்க உண்டு. அஞ்சு ரூமுக்கு மேல இல்லாம ஓனரும் அதே வீட்ல குடியிருந்தா அந்த லாட்ஜுக்கும் விலக்கு.

1965-ல நியூ ஆர்லியன்ஸ்ல என்ன நடந்துச்சு? அப்பதான் சட்டம் வந்துடுச்சே?

சட்டம் வந்து ஆறு மாசம் ஆச்சு, ஊர் மாறல. ஏ.எஃப்.எல்னு ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் லீக், அவங்க ஆல்-ஸ்டார் மேட்ச் ஜனவரில அங்க நடக்கணும். தங்களுக்கு எப்படியாவது ஒரு ப்ரொஃபஷனல் டீம் வேணும்னு ஊரே தவிச்சிட்டு இருந்த நேரம், எல்லாரையும் நல்லபடியா வரவேற்போம்னு வாக்கு வேற குடுத்திருந்தாங்க. ஏர்போர்ட்ல இறங்குன கறுப்பு பிளேயர்ஸ டாக்ஸி ஏத்தல. ஃப்ரெஞ்ச் குவார்ட்டர்ல க்ளப் வாசல்லயே நிறுத்திட்டாங்க. அவங்கள்ல எர்னி லாட்ங்கிறவரு ஆறடி ஒன்பதங்குலம், அதே லூசியானால இருக்குற க்ராம்ப்ளிங் காலேஜ்ல படிச்சவரு, அவருக்கே அந்த நிலைமை. ஒரு பக்கம் இது, அதே ஊர்ல இன்னொரு பக்கம் மேல சொன்ன டூக்கி சேஸ்.

21 கறுப்பு பிளேயர்ஸும் ஹோட்டல்ல கூடிப் பேசி ஓட்டு போட்டு இங்க ஆட மாட்டோம்னுட்டாங்க. லீக் கமிஷனர் ஜோ ஃபாஸ் மேட்ச ஹூஸ்டனுக்கு மாத்திட்டாரு, ஜனவரி 16 அங்க நடந்துச்சு. ஒரு நகரத்துலேருந்து மேட்சையே வெளிய எடுத்துட்டுப் போனாங்க, கேஸும் இல்ல, கோர்ட்டும் இல்ல.

வெள்ளை பிளேயர்ஸ் சும்மா வேடிக்கை பாத்தாங்களா?

மாறி மாறி இருக்கு. 1961 அக்டோபர்ல கென்டக்கி லெக்சிங்டன்ல பாஸ்டன் செல்டிக்ஸ் பாஸ்கெட்பால் டீம், ஹோட்டல் காபி ஷாப்ல சாம் ஜோன்ஸுக்கும் டாம் சாண்டர்ஸுக்கும் பரிமாற மாட்டேன்னுட்டாங்க. பில் ரஸ்ஸல் தலைமைல கறுப்பு பிளேயர்ஸ் ஃப்ளைட் ஏறிட்டாங்க, வெள்ளை பிளேயர்ஸ் இருந்து மேட்ச் ஆடுனாங்க. கோச் ரெட் அவர்பாக் இவங்கள முதல்ல தடுக்கப் பாத்தாரு, கேக்கலன்னதும் அவரே ஏர்போர்ட்ல கொண்டு விட்டாரு. 1965-ல ரான் மிக்ஸ்ங்கிற வெள்ளை பிளேயர் முதல்ல சமாதானம் பண்ணப் பாத்துட்டு, அவங்க உறுதியா இருக்குறதப் பாத்ததும் நானும் ஆட மாட்டேன்னு சேர்ந்துட்டாரு. மியூசியலும் பாயரும் பேச்சே பேசல, பெட்டிய தூக்கிட்டு மோட்டலுக்கு வந்தாங்க. எனக்கு அந்த மூணாவது வகை மேலதான் மரியாதை ஜாஸ்தி.

ஒண்ணா சாப்பிட்டதாலதான் 1964-ல ஜெயிச்சாங்கன்னு சொல்லலாமா?

சொல்றவங்க நிறைய பேர். நான் சொல்ல மாட்டேன். 1964 வேர்ல்ட் சீரிஸ்ல, அதாவது பேஸ்பால் சாம்பியன்ஷிப் ஃபைனல்ல, கார்டினல்ஸ் யாங்கீஸ ஏழாவது மேட்ச் வரைக்கும் போய் ஜெயிச்சாங்க, பாப் கிப்சன் மாதிரி பந்து வீசுறவர் இருந்தா எந்த டீமும் ஜெயிக்கும். அந்த டீம் ஆளுங்க மத்த டீம விட நெருக்கமா இருந்தாங்கங்கிறது அவங்களே சொன்னது, அத மறுக்கல. ஆனா தோத்திருந்தா மட்டும் ஒரே மோட்டல்ல தங்குனது தப்பாகிடுமா? கோப்பைய காட்டித்தான் அத நியாயப்படுத்தணும்னு இல்ல.

அதுக்கப்புறம் அவங்கெல்லாம் என்ன ஆனாங்க, இடங்க இன்னும் இருக்கா?

டாம்பால டாக்ஸில ஏத்தி அனுப்பப்பட்ட கர்ட் ஃப்ளட், 1969 கடைசில தன்ன கேக்காம ட்ரேட் பண்ண முடியாதுன்னு எதிர்த்து நின்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு, 1972-ல தோத்தாரு, ஆனா பிளேயர்ஸ் சுதந்திரத்துக்கு அங்கதான் பிள்ளையார் சுழி. பில் வைட் 1989-ல, பெரிய பேஸ்பால் லீக் ரெண்டுல ஒண்ணான நேஷனல் லீக் தலைவர் ஆனாரு, அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர். டாக்டர் விம்பிஷோட மனைவி பெட் விம்பிஷ் 1969-ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகர சபைக்கு ஜெயிச்சாங்க.

சொரெனோ ஹோட்டல 1992-ல வெடி வெச்சு இடிச்சாங்க, ஒரு ஹாலிவுட் படத்துக்காக அதப் படமும் பிடிச்சாங்க. வினாய் இன்னும் இருக்கு, புதுப்பிச்சு நடத்துறாங்க. பாஸ்கல்ஸ் அட்லான்டாலயே வேற இடத்துக்கு மாறிடுச்சு. டூக்கி சேஸ் 2005 கத்ரீனா புயல் வெள்ளத்துல மூழ்கி 2007-ல திரும்ப திறந்துச்சு, லியா சேஸ் 2019-ல 96 வயசுல தவறுற வரைக்கும் அந்த கிச்சன விடல, இப்ப அடுத்த தலைமுறை நடத்துது, போறவங்க கம்போ கேளுங்க.